ஜெனரேட்டர் வாங்குமுன்

(காம்பார் வட்டாரத் தோட்டமொன்றின் மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைத்து வந்த உங்கள்முன் நெடுநேரம் பேசுவது முறையன்று. ஆகவே நேரே செய்திக்கு வருகிறோம். மின்தடையின்போது உதவட்டும் எனச் சிறு ஜெனரேட்டர் வாங்க எண்ணுவோர் சிலர் நம்மிடம் ஆலோசனை கேட்டனர். எதை வாங்குவது, எங்கே வைப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இன்று விடை கூற முற்படுகிறோம்.

காம்பார் மின்சாரத்துக்குப் புதிய ஊரன்று. 1920-களின் இறுதியிலேயே அருகிலுள்ள மாலிம் நாவாரில் மின் நிலையம் எழுந்தது. 1930-இல் செண்டெரோ அணையின் மின்சாரமும் வந்து சேர்ந்தது. அது முதலில் ஒளி தந்தது ஈயச் சுரங்கங்களுக்கும் பட்டணத்துக்குமே. தோட்ட லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. பின்னர்ப் பல தோட்டங்களில் எஞ்சின் கொட்டகை அமைத்து, மாலையில் சில மணி நேரம் மட்டும் மின்சாரம் கொடுத்தனர். தகவல் இலாகாவின் வண்டி படம் காட்ட வரும் நாளில், அதனுடன் வரும் எஞ்சினைத் திடலின் மறுகோடியில் வைப்பார்கள் என்று பெரியவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். இரைச்சல் படத்தைக் கெடுக்கும் என்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள். அந்தத் தூரத்துக்கு இன்னுமொரு பெரிய பயன் உண்டு; அதைப் பின்னர்க் காண்போம்.

அந்நாளைய எஞ்சின் சற்றே மூச்சு வாங்கினால் குண்டு பல்பு மங்கும், பிறகு தெளியும்; அவ்வளவுதான். இன்று நம் வீடுகளில் இருப்பவை அத்தகைய பொறுமைசாலிகள் அல்ல. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபின், கைத்தொலைபேசியும் மடிக்கணினியும் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களாகிவிட்டன. பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள்கள் அவை.

நமக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஆசிரியராய் இருந்த நாளில் ஒரு நிகழ்ச்சிக்கு வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்தோம். ஒலிபெருக்கியோடு கணினியையும் அதிலேயே மாட்டினோம். பெட்ரோல் தீரும் வேளையில் எஞ்சின் இருமுறை திணறி, உறுமி, நின்றது. மேசை விசிறி மறுபடி சுழன்றது. கணினி மட்டும் எழவேயில்லை. எஞ்சினின் மேல் பழி சொல்ல முடியாது. அதன் இயல்பு அறியாமல் மாட்டிய நம் கையே காரணம்.

அந்த இயல்பு என்ன? நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நொடிக்கு 50 அலைகள். சாதாரணச் சிறு ஜெனரேட்டர் இந்த 50 அலைகளைத் தருவதற்கு, அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று தவறாமல் சுழல வேண்டும். குளிர்பெட்டி இழுத்தால் சுற்று தளரும்; குளிர்பெட்டி நின்றால் சுற்று எகிறும். அதற்கேற்ப வோல்ட்டும் அலையும் ஏறி இறங்கும். 'ஏ.வி.ஆர்.' என்னும் கருவி வோல்ட்டைச் சீர்படுத்தும். அலையின் கரடுமுரடை அதனால் நீக்க இயலாது.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வேறு வகை. எஞ்சின் தரும் மின்சாரத்தை அது முதலில் நேர்மின்சாரமாக்கி, பின்னர் மின்னணுச் சுற்றின் வழியே 50 அலைகளாகப் புதிதாய் வடிக்கிறது. எஞ்சின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் வெளிவரும் மின்சாரம் சீராகவே இருக்கும். மின்னணுப் பொருள்களுக்கு ஏற்றது இதுவே. விலை கூடுதல்தான். எனினும் கடையில் பெரிய வாட் எண்ணைக் காட்டி மலிவாய் விற்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பெட்டியின் மேலுள்ள எழுத்தை நம்பாமல் கையேட்டைத் திறந்து, 'பியூர் சைன் வேவ்' என்று உள்ளதா, அலைக் குலைவு 5 விழுக்காட்டுக்குக் கீழ் உள்ளதா என்று பாருங்கள். இணையத்தில் வாங்குவோர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதை உறுதி செய்க. 110 வோல்ட் இயந்திரம் நம் வீட்டுக்கு உதவாது.

எவ்வளவு பெரியது வேண்டும்? குளிர்பெட்டி 150 வாட், தொலைக்காட்சி 100, மடிக்கணினி 65, மோடம் 15, இரண்டு விசிறி 120, நான்கு விளக்கு 40 என்று கொண்டால் மொத்தம் 490 வாட். ஆனால் குளிர்பெட்டி கிளம்பும் கணத்தில் மூன்று நான்கு மடங்கு இழுக்கும். அப்போது 1,000 வாட்டை நெருங்கிவிடும். எனவே தொடர்ந்து 1,600 வாட் தரக்கூடியது போதும். 'மேக்சிமம்' எண்ணை விடுத்து 'ரேட்டட்' எண்ணையே பார்க்க வேண்டும். கேத்தலையும் இஸ்திரிப் பெட்டியையும் அதில் மாட்டாதீர்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் கூறுவோம்: பிள்ளையின் மடிக்கணினிக்கும் மோடத்துக்கும் மட்டும்தான் என்றால் ஜெனரேட்டரே தேவையில்லை. அவற்றுக்குப் பொருந்தும் நல்ல பவர் பேங்க் ஒன்று சில மணி நேரம் தாங்கும். புகையும் இல்லை, ஓசையும் இல்லை.

வாங்கியவர்கள் எஞ்சினை வெறுமனே கிளப்பி, சில நிமிடம் ஓடவிட்டு, முதலில் குளிர்பெட்டியையும் அதன் பிறகே மின்னணுப் பொருள்களையும் மாட்டுக. நிறுத்துமுன் எல்லாவற்றையும் கழற்றுக. பெட்ரோல் தீரும்வரை ஓட்டாதீர்கள். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றவும் வேண்டாம். இருமுனையிலும் பிளக் வைத்த கம்பியால் சுவர்த் துளையில் மின்சாரம் ஏற்றுவோர் உண்டு. அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்குப் பாய்ந்து, கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் தொழிலாளியைக் கொல்லக்கூடும்.

இப்போது அந்தத் தூரத்துக்கு வருகிறோம். ஜெனரேட்டரின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்வாயுவின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம்; தூங்குபவர் விழிக்காமலே போய்விடுவார். இன்வெர்ட்டர் வகையிலும் இந்த வாயு வரும். மழை பெய்கிறதென்று எஞ்சினை அஞ்சடிக்கோ சமையலறைக்கோ இழுத்து வருவதுதான் பெரும் அபாயம். சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு. பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைவரை எட்டாத வீடுகள் உண்டு; உங்கள் அஞ்சடியில் எழும் புகை அடுத்த வீட்டுத் தொட்டிலை அடையும். எனவே கதவு சன்னல்களிலிருந்து 6 மீட்டருக்குக் குறையாமல், புகைக்குழாய் எந்த வீட்டையும் பாராதபடி வைக்க வேண்டும். மழையில் நனையவும் கூடாது. ஓயும்வரை இருட்டில் இருப்பதே மேல். யாருக்கேனும் தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து 999-ஐ அழையுங்கள்.

மண்டபத்துக்கு வெளியே, திடலின் கோடியில், இருவகை எஞ்சின்களையும் வைத்திருக்கிறோம். ஒரே விளக்கை இரண்டிலும் மாட்டிக் காட்டுகிறோம், வாருங்கள்.