இராவுண்ணாமையும் முதியோர் சிறுநீரகமும்



இராவுண்ணாமை தமிழ்ச் சமணர் இல்லங்களில் இளமையிலேயே பழகும் நோன்பு. சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தார்க்குரிய பதினொரு படிநிலைகளுள் ஆறாவதாக இதனை வைக்கிறது. அந்நூல் காட்டும் காரணம் உயிர்களின்பால் இரக்கமே, உடல்நலம் அன்று. இதனை மறந்து, மருத்துவத்தை அன்றே கண்டோம் என்று பெருமை பேசுதல் வேண்டா. ஆயினும் உடலுக்கும் இதனால் பயன் உண்டு.

சிறுநீரகங்கள் இரண்டிலும் ஏறத்தாழ 20 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு வடித்து, ஒன்றிரண்டு லிட்டரை மட்டுமே சிறுநீராக வெளியேற்றுகின்றன. நாற்பது வயதுக்குமேல் இத்திறன் சிறிது சிறிதாகக் குறையும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதனை விரைவுபடுத்தும். அழிந்த வடிகட்டி மீண்டும் தோன்றுவதில்லை.

வந்தவாசி, ஆரணிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வந்து ஆலையிலும் துறைமுகத்திலும் பணிபுரிவோர்க்கு இந்நோன்பு எளிதன்று. நவம்பர் இறுதியில் சென்னையில் ஞாயிறு மாலை 5.40 மணியளவிலேயே மறைந்துவிடும். இரண்டாம் ஷிப்ட் முடியவோ இரவு பத்தாகும். பணி ஓய்வு பெற்றபின் அந்தி வேளை மீண்டும் கைக்கு வருகிறது. பழைய நாக்கு மட்டும் மாறுவதில்லை. அப்பளம், வடகம், ஊறுகாய் இன்றி மாலை உணவு இறங்காது என்பார் பலர்.

உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. ஜப்பானின் நாகசாகிப் பல்கலைக்கழக மருத்துவர் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தோர், இரவில் சிறுநீர் கழிக்க எழுவது சராசரியாக 2.3 முறையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. இருளில் எழுந்து இடறி விழுந்து இடுப்பு முறிந்த முதியோரைக் கண்ட குடும்பங்களுக்கு இதன் அருமை புரியும்.

இனி, தண்ணீர். நோன்பு விலக்கும் நால்வகை உணவுள் பருகுவனவும் அடங்கும். அந்தியில் நிறுத்தினால் பன்னிரண்டு மணி நேரம் நீரில்லை. அதற்காக ஞாயிறு மறையுமுன் ஒரு செம்பை ஒரே மூச்சில் குடிப்பது தவறு. காலை முதலே பகிர்ந்து பருகவேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுற்றவர்க்கோ மருத்துவர் சொன்ன அளவே அளவு.

இன்சுலின் போடுவோர் மருத்துவரைக் கேளாமல் இரவு உணவை விடலாகாது. சிறுநீரகம் நலிந்தால் இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கும். உறக்கத்திலேயே சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடக்கூடும். தானிய உணவை மட்டும் நீக்கி, நீரும் மருந்தும் கொள்வோர் நம் குடும்பங்களிலேயே உண்டு. நோன்பை அவரவர் ஆற்றலுக்கேற்பவே ஏற்கலாம்.

கால் வீக்கம் தோன்றும்வரை காத்திருத்தல் கூடாது. பெரும்பாலும் அது காலங்கடந்த அறிகுறி. இரத்தத்தில் கிரியாட்டினினையும் சிறுநீரில் அல்புமினையும் ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இராயபுரத்தார்க்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.