கைமாறும் மோட்டார் சைக்கிள்

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு மோட்டார் சைக்கிளிலேயே வந்து சேர்ந்தவர் என் அண்டை வீட்டு நண்பர். நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேசுவரம் என்று கடற்கரையை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலை முழுவதையும் ஐந்து நாட்களில் கடந்து, நியூ டவுனில் எங்கள் குடியிருப்பின் வாயிலில் வந்து இறங்கினார். மூன்றாண்டுகள் கழித்து ஊர் திரும்பும் உத்தரவு வந்தது. வண்டியை விற்றுவிடத் துணிந்தார்.

வண்டி நம் ஊரில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து என்பீல்டு நிறுவனம், சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 1955இல் இங்கே புல்லட்டை உருவாக்கத் தொடங்கிற்று. அதனால் திருவொற்றியூர் என்ற பெயர் பாடல் பெற்ற தலமாக மட்டுமன்றி, இயந்திர ஓசையாலும் பலருக்கு அறிமுகமாயிற்று. அந்த வழியில் 2018இல் வெளிவந்த 648 கன சென்டிமீட்டர் இரட்டை உருளை எஞ்சின் கொண்ட வண்டி நண்பருடையது; 47 குதிரைத் திறன் உடையது. நெடும்பயணத்திற்கென்று அதில் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, இருபுறமும் பெட்டிகள், அகன்ற இருக்கை எல்லாம் பொருத்தியிருந்தார். போதாதென்று, முழக்கம் மிகுந்த வேறொரு சைலன்ஸரையும் மாட்டியிருந்தார்.

விலை பேசும்போது அவருக்கு முதல் ஏமாற்றம் நேர்ந்தது. அலங்காரத்துக்குச் செலவிட்ட பணத்தை வாங்குபவர் எவரும் கணக்கில் கொள்வதில்லை. பெட்டிகளைத் தனியே கழற்றி விற்றால் ஏதோ கிடைக்கும். வண்டியோடு சேர்த்தால் அவை இலவசமே! சைலன்ஸர் விஷயமோ இன்னும் மோசம். தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்திற்று. பழைய சைலன்ஸர் தாம்பரத்தில் அவருடைய தந்தையார் வீட்டுப் பரண்மீது கிடந்தது. நல்லவேளை, அம்மையார் அதனைப் பழைய இரும்புக்காரரிடம் போடவில்லை. ரயில் பார்சலில் வந்து சேர்ந்தது.

ஒருநாள் மாலை, முழுத் தொகையையும் கையில் வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார். "29, 30 எண் படிவங்களில் கையொப்பம் மட்டும் இட்டுக் கொடுங்கள், ஐயா; பெயர் மாற்றத்தை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நண்பர் பேனாவை எடுத்துவிட்டார். நான் தடுத்தேன். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவனுக்குச் சட்ட வாசகங்களைப் படித்துப் படித்து ஐயப்படும் குணம் ஒட்டிக்கொண்டு விடுகிறது.

காரணம் இதுதான். யார் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரே உரிமையாளர் என்பது சட்டத்தின் விளக்கம். வடநாட்டில் ஒருவர் 2007இல் தம் வாகனத்தை விற்றார். அது மேலும் சிலரிடம் கைமாறிற்று. பதிவில் மட்டும் பெயர் மாறவில்லை. 2009இல் அந்த வாகனம் மோதி ஒரு சிறுவன் இறந்தான். இழப்பீட்டுப் பொறுப்பு பதிவிலுள்ள பழைய உரிமையாளரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. விற்றுப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆன பின்னர்!

நண்பருக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. வேற்று மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். நம்மவர் பலரும் இதனை மறந்து, தமிழ்நாட்டு எண்ணோடு ஆண்டுக்கணக்கில் வங்காளத் தெருக்களில் உலவுகிறோம். நண்பர் இப்போது தமிழகத்து அலுவலகத்திலிருந்து 28ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்று பெற்று, இங்குள்ள வரியைச் செலுத்திப் புதிய எண் வாங்க வேண்டியதாயிற்று. அங்கே கட்டிய ஆயுட்கால வரியில் எஞ்சிய பகுதிக்கு அங்கேயே விண்ணப்பிக்கலாம். மறவாமல் அதனையும் செய்தார். வங்கிக் கடனை எப்போதோ அடைத்திருந்தார். பதிவுச் சான்றில் அடைமானக் குறிப்பு மட்டும் அப்படியே நின்றது. அதை நீக்க 35ஆம் எண் படிவம்.

இவ்வளவு அலைய இயலாதவர்கள் பதிவுபெற்ற பழைய வாகன வணிகரிடம் ஒப்படைக்கலாம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, 29சி படிவத்தில் ஒப்படைப்பை அறிவித்துவிட்டால் அவ்வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். விலை சற்றுக் குறையும், உறக்கம் கெடாது.

அந்த இளைஞர் நல்லவர், காத்திருந்தார். ஆறு வாரங்களுக்குப் பின் தம் பெயரிலேயே பதிவாகிய சான்றை எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். காப்பீட்டில் நண்பர் ஈட்டியிருந்த கோரிக்கையின்மைச் சலுகை வண்டியோடு போவதில்லை, ஆளோடு வருவது. அதற்கான சான்றையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். சாவியைக் கொடுத்துவிட்டு, விசுவ பங்களா வாயில் பக்கமாக அந்த எஞ்சினின் ஓசை தேய்ந்து மறையும் வரை மாடியில் நின்றிருந்தார். பழைய சைலன்ஸரின் தாழ்ந்த ஓசை. அதுவே நன்றாக இருக்கிறது என்றார்.