பொங்கலுக்கு வீட்டுக் கிழங்கு

வேங்கிக்காலில் வீட்டுக்குப் பின்னால் நாலடி இடம் இருக்கிறதா? முதலில் முள்ளங்கி போடுங்கள். சுமார் 45 நாளில் பறிக்கலாம். விதையை நேரடியாக ஊன்றுங்கள். நாற்றைப் பிடுங்கி நட்டால் வேர் கிளைத்துவிடும். நம் செம்மண்ணில் சரளை கிடந்தால் பொறுக்கிவிட்டு, மணலும் மட்கிய எருவும் கலந்து ஓரடி ஆழம் பொலபொலப்பாக்குங்கள்.

அடுத்தது சர்க்கரைவள்ளி. எனக்குப் பிடித்த பயிர் இதுதான். விதை வேண்டாம், ஒரு சாண் கொடித்துண்டு போதும். புரட்டாசியில் பார் கட்டி நட்டால் பொங்கல் படையலுக்குக் கிழங்கு கிடைக்கும். பார் எதற்கு? ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். படர்ந்த கொடியை அவ்வப்போது தூக்கிப் புரட்டிவிடுங்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டால் அடிக்கிழங்கு பருக்காது. பலரும் செய்யாமல் விடுவது இந்த வேலையைத்தான்.