பனியை உருக்கும் பூ

வட அமெரிக்கச் சதுப்புகளில் பிப்ரவரியிலேயே, இலை விடும் முன், பனியை உருக்கிக்கொண்டு ஒரு பூ எழும். பெயர் ஸ்கங்க் கேபேஜ். சுற்றியுள்ள காற்றைவிட 15 டிகிரிக்கும் மேல் சூடு! அழுகல் நாற்றத்தால் பூச்சிகளை அழைக்கும்.

அதன் உறவுதான் நம் சேனை. கொல்கத்தா சந்தைகளில் 'ஓல்'. அதன் பூவும் இலைக்கு முன்பே வந்து, சூடாகி நாறும்.

இப்படிச் சூடாகும் இன்னொரு பூவும் உண்டு. கொல்கத்தாவிலிருந்து கங்கைக்கு அக்கரையில், ஷிப்பூரில் 1787ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கு அவசியம் போய்ப் பாருங்கள். அங்குள்ள விக்டோரியா அல்லி முதல் இரவில் வெள்ளையாக, வெதுவெதுப்பாக மணக்கும். மறு இரவு இளஞ்சிவப்பு. தாய்மண்ணான அமேசானில் அது வண்டுகளை உள்ளே அடைத்துவைத்து, மகரந்தம் பூசி அனுப்பும்.

நம் தாமரைக்கும் இந்தச் சூடு உண்டு. வெளியே 10 டிகிரி குளிரடித்தாலும் பூவுக்குள் 30 டிகிரி!