விண்மீன் மண்டலங்கள் மோதும்போது

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியத் தொழிலில் இருக்கும் நாங்கள் மேடை ஏறினால் நீரிழிவு பற்றித்தான் பேசுவோம் என்று பலர் நினைத்திருப்பீர்கள். நூறு வருடத்தைக் கொண்டாடும் நாளில் இன்னும் பெரிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நமது சூரியன் இருக்கும் விண்மீன் மண்டலம் பால்வீதி. அதில் பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அதற்கு அருகில் உள்ள பெரிய மண்டலம் அன்ரொமீடா. அதன் தூரம் ஏறக்குறைய 25 இலட்சம் ஒளியாண்டுகள். இரண்டும் செக்கனுக்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றர் வேகத்தில் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருக்கின்றன.

அன்ரொமீடா நம்மை நோக்கி வருவதை அதன் ஒளியைப் பகுத்துப் பார்த்து 1912 இல் கண்டவர் அமெரிக்க வானியலாளர் வெஸ்ரோ ஸ்லைபர். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பது அப்போது தெரியாது. அதை அளக்கும் கோலைத் தந்தவர் ஒரு பெண். ஹவார்ட் அவதான நிலையத்தில் ஒளிப்படத் தட்டுகளை ஆராயும் வேலை செய்த ஹென்றியெற்றா லெவிற், ஒருவகை விண்மீன்கள் மங்கிப் பிரகாசிக்கும் கால இடைவெளிக்கும் அவற்றின் உண்மையான ஒளிர்வுக்கும் தொடர்பு உண்டு என்று கண்டார். அந்த விதியை வைத்தே 1923 இல் எட்வின் ஹபிள், அன்ரொமீடா பால்வீதிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்று நிறுவினார்.

சரி, இரண்டு மண்டலங்கள் மோதினால் என்ன நடக்கும்? விண்மீன்கள் ஒன்றோடொன்று முட்டி வெடிக்கும் என்றுதான் முதலில் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. சூரியனை ஒரு மிளகாக நினைத்து யாழ்ப்பாணத்தில் வைத்தால், அடுத்த விண்மீனாகிய மிளகை வவுனியாவுக்குக் கிட்டத்தான் வைக்க வேண்டும். இடையில் அத்தனை வெறுமை. ஆனால் மண்டலங்களின் கணக்கு வேறு. பால்வீதியை ஒரு சாப்பாட்டுக் கோப்பையாக நினைத்தால், அன்ரொமீடா அதே அறையின் மறுபக்கத்தில், ஆறு மீற்றர் தூரத்தில் இருக்கும் மற்றொரு கோப்பை. அதனால்தான் மண்டலங்கள் மோதுவது அரிதல்ல. அவற்றில் உள்ள விண்மீன்கள் மோதுவதுதான் மிக அரிது.

உண்மையில் மோதுவது இடையிலுள்ள வாயு. அந்த முகில்கள் இடித்து நெருங்கும்போது புதிய விண்மீன்கள் பெருந்தொகையாகப் பிறக்கின்றன. ஈர்ப்பு விசை விண்மீன்களை இழுத்து நீண்ட வால்களாக எறிகிறது. ஒன்றையொன்று ஊடுருவிச் சென்ற மண்டலங்கள் வேகம் குறைந்து, திரும்பி விழுந்து, ஈற்றில் ஒன்றாகிவிடும். அவற்றின் நடுவிலுள்ள கருந்துளைகளும் காலப்போக்கில் இணையும். பால்வீதியின் கருந்துளை சூரியனைப்போல் 40 இலட்சம் மடங்கு திணிவுடையது.

இதற்குக் கோடிக்கணக்கான வருடங்கள் செல்லும். எந்த ஒரு மோதலையும் முழுதாகப் பார்க்க எவருக்கும் ஆயுள் போதாது. பின் எப்படி அறிந்தார்கள்? வாட்டில் நாங்கள் செய்வதுபோலத்தான். ஒரு நோயின் முதல் நாளில் ஒருவர், பத்தாம் நாளில் ஒருவர், தேறும் நிலையில் ஒருவர் என்று பல கட்டில்களைப் பார்த்தால் நோயின் போக்குப் புரியும். வானியலாளரும் வெவ்வேறு கட்டங்களில் உள்ள மோதல்களைப் படமெடுத்து வரிசைப்படுத்துகிறார்கள். 1972 இல் அலர் ரூம்ரே, யூரி ரூம்ரே என்ற சகோதரர்கள் கணினியில் கணக்கிட்டு, அந்த வால்களை உருவாக்க ஈர்ப்பு விசை ஒன்றே போதும் என்று காட்டினார்கள்.

நமது மோதல் எப்போது? ஹபிள் தொலைகாட்டியின் அளவீடுகளை வைத்து, இன்னும் ஏறத்தாழ 400 கோடி வருடத்தில் நேருக்கு நேர் மோதும் என்று 2012 இல் அறிவித்தார்கள். பாடநூல் உண்மைபோல் அது பரவியது. 2025 இல் பின்லாந்து ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, பக்கத்திலுள்ள சிறிய மண்டலங்களின் இழுவையையும் சேர்த்துக் கணக்கிட்டது. அடுத்த 1000 கோடி வருடத்துக்குள் மோதும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்பது விடை.

“டொக்டர், ஆள் தப்புமோ?” என்று உறவினர் கேட்கும்போது பாதிக்குப் பாதி என்று சொல்வது எங்களுக்குப் பழகிய சங்கடம். கேட்பவருக்கு அது தெரியாத்தனமாகப் படும். ஆனால் நன்றாக அளந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். மாணவிகளே, விஞ்ஞானத்தில் ஒரு விடை மாறினால் ஏமாந்துவிட்டோம் என்று எண்ணாதீர்கள். என்ன புதிதாக அளந்தார்கள் என்று கேளுங்கள்.

ஈற்றாக, வந்திருக்கும் பழைய மாணவிகளிடமும் கடல் கடந்து இதை மலரில் வாசிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்பார் தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். மின்சாரம் இல்லாத குடாநாட்டில் வானம் அவ்வளவு தெளிவாக இருந்தும், பெண் பிள்ளைகளாகிய நாங்கள் முற்றத்தில் நின்று பார்த்தது குறைவு. பயம் காரணமாக இருந்தது. வழக்கமும் காரணமாக இருந்தது. அமெரிக்காவிலும் பலோமர் அவதான நிலையத்தில் அவதானிக்க அதிகாரபூர்வமாக அனுமதி பெற்ற முதல் பெண் வேரா ரூபின்தான். அது 1965 இல். பின்னர் அதே அன்ரொமீடாவின் சுழற்சியை அளந்து, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளுக்குச் சான்று தந்தவர்களில் முதன்மையானவர் அவர்.

ஆகவே சங்கம் ஒவ்வொரு வருடமும் தை அமாவாசையை அண்டிய ஓர் இரவில் மைதானத்தின் விளக்குகளை அணைத்து, பெற்றோரையும் அழைத்து, மாணவிகளுக்கு வானம் காட்ட வேண்டும். இருட்டியதும் வடமேற்கில் அன்ரொமீடா மங்கலான புகைபோலத் தெரியும். எட்டு மணியளவில் தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே பெரிய மகெல்லன் முகில் தெரியும். பால்வீதியோடு அது கலப்பது ஏறக்குறைய நிச்சயம். இரண்டையும் பார்க்கத் தொலைகாட்டி தேவையில்லை. இருட்டும், பிள்ளைகளை வெளியே விடும் மனமும் போதும்.

முதல் இரவுக்கு எங்கள் வகுப்பார் பொறுப்பு.