மாட்டு வயிற்றுக்குள்ளே என்ன நடக்குது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படிச்சவ. மைக் முன்னாடி நிற்கிறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

குழுக் கடன் வாங்கி நான் ஒரு கலப்பினப் பசு வாங்கினேன். காலையும் மாலையும் சேர்த்து ஒன்பது லிட்டர் கறந்துச்சு. தவணை தவறாமல் கட்டி வந்தேன். அப்போ எங்க கொழுந்தனார் கல்யாணம் வந்தது. விருந்து முடிஞ்சு ஒரு அண்டா சோறு மீந்துபோச்சு. வீணாப் போகுதேன்னு முக்கால்வாசியை மாட்டுக்கு வச்சுட்டேன். ஆசையாத்தான் தின்னுச்சு.

மறுநாள் காலையில் மாடு அசை போடலை. வயிறு உப்பி, பல்லை நறநறன்னு கடிச்சுது. சாணி தண்ணியா, புளிச்ச வாடையோட போச்சு. சாயங்காலம் படுத்தது, எழுந்திருக்கலை. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மாடு போனாலும் கடன் போகாதே!

கால்நடை டாக்டரம்மா வந்து குளுக்கோஸ் ஏத்தி, மருந்து கொடுத்துக் காப்பாத்தினாங்க. அவங்க சொன்னதுதான் இன்னைக்கு நான் சொல்ல வந்தது.

மாட்டோட முதல் வயிறு நம்ம மாவுப் பானை மாதிரியாம். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கு. மாடு தின்கிற புல்லையும் வைக்கோலையும் அதுங்கதான் புளிக்க வச்சு அமிலமாக்குது. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அந்த அமிலத்துல இருந்துதான் கிடைக்குது. வைக்கோல் மெதுவாப் புளிக்கும். சோறு சட்டுனு புளிக்கும். அளவு மீறினா உள்ளே இருக்கிற நல்ல நுண்ணுயிர்களே செத்துப்போகும்.

மாடு அசை போடும்போது ஊறுற எச்சில்ல இயற்கையாவே சோடா உப்பு இருக்கு. அதுதான் புளிப்பைச் சமப்படுத்துது. நார்த் தீவனம் குறைஞ்சா அசை குறையும், எச்சிலும் குறையும். புளிச்ச மாவுல நாம ஆப்ப சோடா போடுறோம் இல்லையா? அடர்தீவனம் அதிகம் தின்கிற மாட்டுக்கு டாக்டர்கள் சோடா உப்பு சேர்க்கச் சொல்றதும் அதே காரணத்துக்குத்தான்.

நான் உடனே, "அப்போ சோடா போட்டுட்டு சோறு வைக்கலாமா டாக்டரம்மா?"ன்னு கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு, "வயித்துல தீ வச்சுட்டு தண்ணி ஊத்துவியா?"ன்னாங்க. எந்தப் பொடியும் புல்லுக்கும் வைக்கோலுக்கும் ஈடாகாது. இது எனக்கு ரொம்ப லேட்டாப் புரிஞ்சுது. அதுக்கு முன்னாடி, பால் ரெண்டு மடங்காகும்னு ஒருத்தர் சொன்னதை நம்பி டானிக் வாங்கிக் காசை விட்டிருக்கேன்.

ஆனா தாது உப்புக் கலவை அப்படி இல்லைங்க. பால் வழியா சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் தினம் வெளியே போகுது. அது குறைஞ்சா மாடு துணி, எலும்பு எல்லாம் மெல்லும், காலத்துல சினைக்கு வராது. தின்ற தீவனத்தைச் சக்தியா மாத்தவும் இந்த மணிச்சத்து வேணும். என் கறவை மாட்டுக்குத் தினம் 50 கிராம் கலவை, கொஞ்சம் சாப்பாட்டு உப்பு, ரெண்டையும் தவிட்டுல கலந்து வைக்கிறேன். உங்க மாட்டுக்கு எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. எந்தத் தீவனத்தை மாத்தினாலும் பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மீந்த சோறு ஒரு கைப்பிடியைத் தாண்ட வேண்டாம்.

ரெண்டு லிட்டருக்கு இறங்கின பால் ஏற ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த மாசத் தவணையை எங்க குழு அக்காமார்தான் உள்கடன் கொடுத்துக் கட்ட வச்சாங்க. அதை மறக்க மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தாது உப்புக் கலவையைத் தனித்தனியா வாங்காம, கூட்டமைப்பு மூலமா மொத்தமா வாங்கிக் குழுக்களுக்குக் கொடுக்கலாம். நிர்வாகிகள் யோசிக்கணும்னு கேட்டுக்கிறேன்.