கம்பெனி மாறினா வரிசையில கடைசி: பைலட் வேலைக்கு ஏர்லைனைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இந்த எபிசோடை ஏற்காட்டுல, சித்தப்பா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல குருவி கத்தினா கண்டுக்காதீங்க.

இன்னைக்கு டாபிக் சித்தப்பா பொண்ணு கொடுத்தது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் முடிச்சிட்டா. அதுக்குத் தேவையான 200 மணி நேரமும் பறந்தாச்சு. காபித் தோட்டத்தை அடமானம் வச்சு வாங்கின கடனும் கூடவே இருக்கு. இப்போ அவ கேட்கிறது ஒண்ணுதான்: "அண்ணா, இண்டிகோவா, ஏர் இந்தியாவா? எதை வச்சு முடிவு பண்றது?"

நான் பைலட் இல்லை, கோட் எழுதுறவன். ஆனா இந்தக் கேள்வியைக் கொஞ்ச நாளா தோண்டிப் பார்த்ததுல முதல்ல புரிஞ்சது இது: நம்ம ஐடி கணக்கு அங்கே செல்லாது. நாம ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை கம்பெனி மாறுவோம், சம்பளம் ஏறும். பைலட்டுக்கு எல்லாமே சீனியாரிட்டி. எப்போ கேப்டன் ஆகுறது, எந்த ஊர்ல பேஸ், பெரிய விமானத்துக்கு யார் முதல்ல போறது, இதுல பெரும்பாலானதை அந்த வரிசை எண்தான் தீர்மானிக்குது. வேற கம்பெனிக்குப் போனா அந்த எண் கூட வராது. அனுபவமுள்ள கேப்டனை இன்னொரு ஏர்லைன் நேரா கேப்டனா எடுக்கலாம். நடுவுல நிக்கிற ஃபர்ஸ்ட் ஆபீசருக்குத்தான் அடி பலமா விழும். மாறுறதும் சுலபமில்லை. 2017-ல டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருஷம், ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாசம் நோட்டீஸ்.

65 வயசு வரைக்கும் பறக்கலாம். 24 வயசுல சேர்ந்தா 41 வருஷம். அப்போ "முதல் மாசச் சம்பளம் எவ்வளவு?"ன்னு கேட்கிறதைவிட "இந்த வரிசை எத்தனை வருஷம் இருக்கும்?"ன்னு கேட்கிறதுதான் முக்கியம்.

வரிசையே காணாமப் போகுமான்னு கேட்டா, இந்த மலைக்குக் கீழேயே பதில் இருக்கு. ஓமலூர் பக்கம் காமலாபுரத்துல சேலம் ஏர்போர்ட். ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான். அதனால இங்கே வந்துபோறது ஏடிஆர் மாதிரி சின்ன விமானங்கள். 2009-ல கிங்ஃபிஷர் சென்னைக்குப் பறந்துச்சு, கொஞ்ச காலத்துல நின்னுச்சு. 2012-ல அந்தக் கம்பெனியே முடங்கிப் போச்சு. 2018-ல உடான் திட்டத்துல ட்ரூஜெட் வந்துச்சு, அதுவும் போச்சு. 2023 அக்டோபர்ல அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தாங்க. அதே ஓடுபாதை, அதே ஏடிஆர் 72. வால்ல இருந்த பேர்தான் மாறிக்கிட்டே இருந்துச்சு.

சின்னக் கம்பெனிக்குத்தான் இந்தக் கதின்னு நினைக்காதீங்க. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி ராத்திரியோட நின்னுச்சு. அதுக்கு முன்னாடியே பைலட்களுக்கு மாசக்கணக்கில் சம்பளம் பாக்கி. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாசம் திவால் மனு போட்டுச்சு. என்ஜின் கோளாறால பாதி விமானம் தரையில நின்னதுதான் அவங்க சொன்ன காரணம்.

கம்பெனி சாகாமலேயே வரிசை கலையலாம். 2007-ல ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒண்ணாச்சு. புது 787 விமானத்துக்கு யாருக்குப் பயிற்சி, யாருக்கு முன்னுரிமைங்கிற சண்டை 2012-ல 58 நாள் ஸ்ட்ரைக் வரைக்கும் போச்சு. அடுத்து விஸ்தாரா. ஏர் இந்தியாவோட இணையுறதுக்கு முன்னாடி, 2024-ல, மாசத்துக்கு 70 மணி நேரத்துக்கு உறுதியா வந்த சம்பளத்தை 40 மணி நேரமாக்கினாங்க. பைலட்கள் கொத்தா லீவு போட்டாங்க, விமானங்கள் ரத்தாச்சு.

சரி, இன்னைக்கு ரெண்டு பெரிய ஆளுங்க. 2023-ல ஏர் இந்தியா 470 விமானத்துக்கும் இண்டிகோ 500 விமானத்துக்கும் ஆர்டர் போட்டாங்க. புது விமானம் வந்தாத்தான் புது கேப்டன் தேவை, வரிசை நகரும். ஆனா ஆர்டர் வேற, கைக்கு வர்ற விமானம் வேற. நீண்ட தூர சர்வதேசப் பறப்பு ஏர் இந்தியாவுல அதிகம். இண்டிகோவோட பலம் ஏ320 குடும்பம். உள்நாட்டுல குறுகிய தூரம், அதிக டேக் ஆஃப், லேண்டிங்.

ரோஸ்டரையும் பாருங்க. புது விதிப்படி வார ஓய்வு 36 மணி நேரத்துல இருந்து 48 ஆச்சு. அதுக்கேத்த ஆள்பலத்தைத் திட்டமிடாம 2025 டிசம்பர்ல இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து பண்ணுச்சு. லாபத்துல இருக்கிற கம்பெனியும் பைலட் எண்ணிக்கையை இறுக்கிப் பிடிக்கலாம்னு அப்போ ஊருக்கே தெரிஞ்சுது.

அவகிட்ட நான் சொன்னது மூணு விஷயம்.

ஒண்ணு, பத்து வருஷம் கழிச்சும் இந்தக் கம்பெனி பறக்குமா? விளம்பரத்தைப் பார்க்காதே. கடன், லாபம், தரையில நிக்கிற விமானம், இதைப் பார்.

ரெண்டு, வரிசை எவ்வளவு வேகமா நகருது? இன்னைக்குக் கேப்டன் ஆகுறவங்க எந்த வருஷம் சேர்ந்தவங்கன்னு அங்கே பறக்கிறவங்ககிட்டயே கேளு. எச்ஆர்கிட்ட கேட்காதே.

மூணு, நாளைக்கே கம்பெனி மூடினா உன் கையில என்ன இருக்கும்? லைசென்ஸும், லாக்புக்ல ஏறின மணி நேரமும், டைப் ரேட்டிங்கும்தான் உன்னோடது. நிறைய ஏர்லைன் வச்சிருக்கிற விமானத்துல டைப் ரேட்டிங் இருந்தா வெளியே போற கதவும் அதிகம். இந்தியாவுல அது இப்போதைக்கு ஏ320. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பாண்ட் எத்தனை வருஷம், டைப் ரேட்டிங் செலவு யாரோடதுன்னு எழுத்துல வாங்கு.

திண்ணையில கேட்டுக்கிட்டிருந்த சித்தப்பா குறுக்க பேசினார்: "காபி காய்க்கவே மூணு நாலு வருஷம் ஆகும்ப்பா. அதனாலதான் சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடியும் ஏத்தி விடுறோம்." அந்த மூணாவது பாயின்டை என்னைவிட நல்லா சொல்லிட்டார்.

ரெண்டு இடத்துக்குமே அப்ளை பண்ணியிருக்கா. முதல்ல யார் கூப்பிடுறாங்களோன்னு பார்த்துக்கிட்டிருக்கோம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: ரெண்டுமே தேறும்னு தோணினா, முதல்ல சேர்த்துக்கிறவங்ககிட்ட போறதுல தப்பில்லை. சீனியாரிட்டியில ஒரு மாசம் முன்னாடி சேர்ந்தாலும் அது கடைசி வரைக்கும் கூட வரும்.

ஏர்லைன்ல பறக்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, நான் விட்டதைச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.